ஸ்டீயரிங் பிடித்த கை விண்ணப்பம் நிரப்பாதா?

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் 28 டன் எடையை, பிரேக்கை நம்பாமல் கியரிலேயே பிடித்து இறக்குகிறவர் நீங்கள். நாக்பூர் தாண்டி, பாஷை தெரியாத ஊரில் நடுராத்திரி டயர் வெடித்தால், ஒற்றை ஆளாய் ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றிவிட்டு விடிவதற்குள் அடுத்த மாநில எல்லையைத் தொட்டுவிடுகிறவர். டயரைத் தட்டிப் பார்த்தே காற்று குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுகிற கை உங்களுடையது.

அதே நீங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலுக்கு வந்ததும் குரல் ஏன் இறங்குகிறது? மரத்தடியில் பையோடு உட்கார்ந்திருப்பவரிடம் மொத்தக் காகிதத்தையும் கொடுத்து, "அண்ணே, பார்த்து முடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறீர்களே, எதற்காக? "நான் எட்டாவதோட நின்னவன், எனக்கு என்ன தெரியும்" என்கிறீர்கள். உங்களுக்குத்தான் தெரியும்! வேறு யாருக்கும் உங்கள் அளவுக்குத் தெரியாது.

பதிவுக்கான விண்ணப்பம், படிவம் 20, என்ன கேட்கிறது என்று ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா? பெயர், முகவரி, வண்டி தயாரான மாதமும் ஆண்டும், சேஸ் எண், இன்ஜின் எண், காலி எடை, மொத்த எடை, முன் அச்சில் என்ன டயர், பின் அச்சில் என்ன டயர், எந்த அச்சு எவ்வளவு எடை தாங்கும். இவ்வளவுதான். டயர் அளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்களே! இதை எழுதவா உங்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும்? ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது என்பதா தடை? எண்ணுக்கு ஏது ஆங்கிலம், எண்ணுக்கு ஏது தமிழ்? பிளஸ் டூ படிக்கிற மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு. 28, 52, 34 என்று இந்த ஊர்களின் எண்ணைத் தாங்கிய பலகைகள் இந்தியாவின் எந்த நெடுஞ்சாலையில் நின்றாலும் கண்ணில் படும். மழை குறைந்த, வானம் பார்த்த மண் அது. அங்கிருந்து கிளீனராக வண்டி ஏறி, டிரைவராகி, கூட்டாகப் பணம் போட்டு ஒரு வண்டி வாங்கி, பிறகு பட்டறை வைத்து, பாடி கட்டி, எரிவாயு டேங்கர், போர்வெல் ரிக், டிரெய்லர் என்று ஒரு தொழிலையே எழுப்பினார்கள். அவர்களில் எத்தனை பேர் பட்டம் படித்தவர்கள்? சக்கரம் சுழல்வதையும் காகிதம் நகர்வதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள். முதலாளி ஆக நினைக்கிற டிரைவர் தம்பிகளே, நீங்கள் பாதியைத்தான் கற்றிருக்கிறீர்கள். மீதிப் பாதியைக் கற்பதற்கு உங்களைத் தடுப்பது உங்கள் தயக்கம் மட்டுமே.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். லாரியைப் பதிவு செய்வதில் இரண்டு கைகள் இருக்கின்றன. ஒன்று மத்திய அரசின் கை: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் விதிகளும். பதிவுக் கட்டணம், தகுதிச் சான்றுக் (எஃப்.சி.) கட்டணம், நேஷனல் பர்மிட் எல்லாம் இதில் வரும். இன்னொன்று மாநிலத்தின் கை: வரி. தமிழ்நாட்டில் 1974-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டப்படி, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) எழுதியிருக்கும் மொத்த எடையை வைத்துக் காலாண்டு வரி கணக்கிடப்படுகிறது. 7 ஆண்டு கடந்த வண்டிக்குப் பசுமை வரி தனியாக உண்டு. "மொத்தமா இவ்வளவு ஆகும்" என்று யாராவது ஒரே தொகையாகச் சொன்னால், அங்கேயே நிறுத்துங்கள். கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மளிகைக் கடையில் அரைக் கிலோ பருப்புக்குச் சீட்டு கேட்கிற நீங்கள், முப்பது லட்சத்து வண்டிக்குக் கேட்கக் கூடாதா?

கனரகச் சரக்கு வண்டியைப் புதிதாகப் பதிவு செய்ய மத்திய விதி நிர்ணயித்த கட்டணம் 1,500 ரூபாய். நடுத்தர வண்டிக்கு 1,000. ஃபைனான்ஸில் வாங்கியிருந்தால், கடன் கொடுத்தவர் பெயரை ஆர்.சி.யில் ஏற்ற 3,000. உரிமை மாற்றத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் பாதி. கட்டணங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுகின்றன. அன்றைய தொகை அரசின் பரிவாகன் இணையதளத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது. நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாத ரூபாய் அரசாங்கத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

எல்லா இடைத்தரகர்களையும் நான் குற்றம் சொல்லவில்லை. தட்டச்சு செய்து கொடுத்து, வரிசையில் நின்று, நியாயமான கூலி வாங்குகிறவர் உழைத்துச் சாப்பிடுகிறவர். ஆனால் உங்கள் அறியாமையை விலைக்கு விற்கிறவரை நீங்கள்தான் வளர்க்கிறீர்கள். அவர் சொல்லும் "உள்ளே கொடுக்கணும்" என்ற வார்த்தையை எப்போதாவது தட்டிக் கேட்டீர்களா? 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வாய் மூடிக் கொடுத்தால் நீங்களும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர். இது தெரிந்த பிறகும் கை நீளலாமா?

மோட்டார் வாகனச் சட்டம் உங்களுக்கு எதிரானது என்று யாரோ உங்கள் காதில் ஓதிவிட்டார்கள். அது அதிகாரியின் தலைக்கு மேலும் கடிகாரம் மாட்டியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பித்தால், 30 நாளுக்குள் தர வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் சான்று தரப்பட்டதாகவே கொள்ளப்படும்; 48-ஆம் பிரிவு. ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் கடிகாரம் உண்டு. பர்மிட் புதுப்பிப்பு போன்றவற்றுக்காக நீங்கள் ஆட்சேபமின்மைச் சான்று கேட்டால் 7 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மௌனமாக இருந்தால் அந்த மௌனமே சம்மதம், 51-ஆம் பிரிவு. பதிவு அதிகாரி உங்களுக்கு எதிராக உத்தரவு போட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு; 57-ஆம் பிரிவு. எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எழுத்தில் விண்ணப்பித்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கி வைத்திருப்பவரிடம் பேசும் தொனியே வேறு.

இப்போது டிரெய்லருக்கு வருவோம். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "இன்ஜினே இல்லாத பெட்டிக்கு எதுக்குப் பேப்பர்" என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. சட்டத்தின் வரையறையிலேயே, பாடி கட்டாத சேஸும் டிரெய்லரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 61-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: மற்ற வண்டிகளுக்கு உள்ள பதிவு விதிகள் எல்லாம் டிரெய்லருக்கும் பொருந்தும். அதற்கென்று தனி சேஸ் எண், தனிப் பதிவு எண். டிரெய்லரின் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுத்துச் செல்லும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோத்திருந்தால் கடைசி டிரெய்லரின் பின்னால். இழுக்கும் வண்டியான குதிரைக்கு எஃப்.சி. இருக்கிறது, டிரெய்லருக்கு முடிந்துபோயிற்று என்றால் அந்த ஜோடி சாலையில் நிற்கத் தகுதி இழந்துவிட்டது. இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லரின் விவரம் ஏறியிருக்கிறதா என்பதை இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். பழைய டிரெய்லரை மலிவாகக் கேட்டு வாங்கும்போது பட்டையைத் தட்டிப் பார்க்கிறீர்கள், அச்சைக் குனிந்து பார்க்கிறீர்கள். சேஸில் அடித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் நீங்கள் வாங்கியது வெறும் இரும்பு.

எடை விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை 18.5 டன் ஆனது. பத்து சக்கர வண்டிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆனது. பெரிய டிரெய்லர் ஜோடிகளுக்கு உச்ச வரம்பு 55 டன் வரை போனது. ஆனால் உங்கள் ஆர்.சி.யில் எந்த எடை எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு வரம்பு. மொத்த எடை 28.5 டன், காலி எடை 9.5 டன் என்றால் ஏற்றக்கூடியது 19 டன். இந்தக் கழித்தலைச் செய்ய எட்டாவது வகுப்புப் படிப்பே அதிகம்.

"இன்னும் ஒரு அஞ்சு டன் போட்டுக்க, பார்த்துக்கலாம்" என்று லோடு கொடுக்கிறவர் சொல்வார். பார்த்துக்கொள்ள அவர் வரமாட்டார். பழைய சட்டத்தில் அதிக பாரத்துக்கு 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயும் அபராதம்; 5 டன்னுக்கு 7,000. 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. அதே 5 டன்னுக்கு 30,000. அதிகச் சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில். அந்த நடைக்கு உங்களுக்கு மிஞ்சுகிற லாபம் அந்த முப்பதில் எத்தனை பங்கு? மறுத்துச் சொல்லுங்கள்! "என் ஆர்.சி.யில் இவ்வளவுதான் எழுதியிருக்கு, இதுக்கு மேல ஏத்த மாட்டேன்" என்று சொல்லுங்கள். முதல் தடவை லோடு கைநழுவலாம். தளர வேண்டாம். நெஞ்சை நிமிர்த்தி அளவோடு ஏற்றுகிற வண்டிக்கு அச்சு உடைவதில்லை, டயர் வெடிப்பது குறைகிறது, எடைமேடைக்கு முன்னால் நெஞ்சு படபடப்பதில்லை.

எஃப்.சி.யைத் தள்ளிப்போடுகிறவர்களே, இந்தக் கணக்கைப் பாருங்கள். புதிய சரக்கு வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு தகுதி உண்டு. 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல். முப்பது நாள் அசந்தால் 1,500 ரூபாய். ஒரு புத்தம்புது கனரக லாரியைப் பதிவு செய்யும் கட்டணமும் அதேதான்! பணம் சிறிய இழப்பு. 56-ஆம் பிரிவுப்படி, செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி சட்டப்படி பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. அதாவது நம்பர் பலகை இருந்தும் அது நம்பர் இல்லாத வண்டி. அந்த நிலையில் விபத்து நடந்தால்?

2018-இல் உச்ச நீதிமன்றம் தந்த இரண்டு தீர்ப்புகளை ஒவ்வொரு வண்டிக்காரரும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றில், பர்மிட் இல்லாமல் ஓடிய சரக்கு வண்டி விபத்தில் சிக்கியது. இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று ஆனது. பாலிசி இருந்தும் வீடு விற்கும் நிலை. மற்றொன்றில், வண்டியை விற்று, அது கை மாறிக் கை மாறிப் போய்விட்டது, ஆர்.சி.யில் மட்டும் பழைய பெயர். விபத்துக்குப் பொறுப்பு யார்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே என்றது நீதிமன்றம். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்வது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். "நம்ம பையன்தான், மெதுவா மாத்திக்குவான்" என்ற நல்ல மனசு உங்கள் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிடும்.

நேஷனல் பர்மிட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2010-க்கு முன்னால் சொந்த மாநிலத்தோடு குறைந்தது மூன்று மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து, மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. லோடு ஐந்தாவது மாநிலத்துக்குக் கிடைத்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். 2010 மே மாதம் புதிய முறை வந்தது: ஒரே தொகை, நாடு முழுவதும். முதலில் 15,000, 2012 முதல் 16,500, சொந்த மாநில அங்கீகாரத்துக்கு 1,000. நாள் கணக்கில் பார்த்தால் 50 ரூபாய்கூட ஆகவில்லை. கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை வாசல் திறந்திருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். வேறொரு மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கும் உள்ளூர் ஓட்டத்துக்கு இந்தப் பர்மிட் இல்லை. அடுத்தது வயது. இரண்டு அச்சு வண்டி 12 ஆண்டு தாண்டினால், பல அச்சு வண்டி 15 ஆண்டு தாண்டினால் நேஷனல் பர்மிட் கிடையாது. பதினோரு வயது வண்டியைப் பெயின்ட் அடித்து, "சும்மா கும்முன்னு இருக்கு, டெல்லிக்கே ஓட்டலாம்" என்று தலையில் கட்டுகிறவர் இதைச் சொல்லமாட்டார். முதலில் பதிவான தேதியைப் பார்த்து நீங்களே கணக்குப் போடுங்கள். பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பதிவு, அபராதச் சலான் எல்லாவற்றையும் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

வண்டி கிழடாகிவிட்டதா? 15 ஆண்டு தாண்டிய கனரக வண்டியின் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக ஏறியது. பழைய வண்டியை ஓட்டுவது இனி மலிவு இல்லை. பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து வைப்புச் சான்று வாங்கினால் புதிய வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, வரியில் 15 சதவீதம் வரை சலுகை தரவும் விதி இடம் கொடுக்கிறது. எந்த மூலையில் இழப்பு, எந்த மூலையில் ஆதாயம் என்று தேடிப் பார்க்கிற கண் உங்களுக்கு வேண்டும்.

லாரிக்காரர் வீட்டுப் பெண்களிடம் தனியாக ஒரு வார்த்தை. வண்டி அவர் பெயரில் இருக்கிறது. திடீரென்று அவர் இல்லை. அந்தத் துக்கத்தின் நடுவே "வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க, உங்களால முடியாது" என்று சொல்ல எத்தனை சொந்தக்காரர்கள்! முடியும் அம்மா, உங்களால் முடியும். 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு ஒரு கடிதம்: அவர் மறைந்துவிட்டார், வண்டியை நானே வைத்துக்கொள்கிறேன் என்று. அப்படித் தெரிவித்தால், அவர் பெயரில் இருந்தபடியே மூன்று மாதம் வரை வண்டியை ஓட்ட விடலாம். அதற்குள் படிவம் 31-இல் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும், டிரைவர் சம்பளம் காத்திருக்கும். வண்டி நிற்காமல் ஓடுவதற்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் வாரிசை நியமிக்கவும் 2021 முதல் விதி இருக்கிறது. அண்ணன்மார்களே, உங்கள் மனைவி பெயரை அதில் எழுதிவிட்டீர்களா? வண்டியின் கண்ணாடியில் அவர் பெயரை எழுதுவதைவிட அங்கே எழுதுவது பெரிய அன்பு.

சோதனைச் சாவடியில் கை காட்டினால் இனி நடுங்க வேண்டாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், தகுதிச் சான்று, பர்மிட், மாசுச் சான்று எல்லாவற்றையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டலாம். 2018-இல் விதி திருத்தப்பட்டு அது சட்டமாகவே இருக்கிறது. ஓட்டுநர் உரிமமும் பதிவும் தொடர்பான 58 சேவைகளை ஆதார் வழியாக இணையத்திலேயே பெறலாம் என்று 2022 செப்டம்பரில் அறிவிக்கை வந்தது. காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, மரியாதையாக, கண்ணைப் பார்த்துப் பேசலாம். "என்ன குறைன்னு சலான்ல எழுதிக் குடுங்க சார்" என்று கேட்கலாம். எந்த விண்ணப்பம் எங்கே தேங்கி நிற்கிறது என்று தெரியவில்லையா? 10 ரூபாயில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. இந்தத் துணிவை யாரும் உங்களுக்குக் கொடுக்க முடியாது. ஆர்.சி.யை எடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, அதன் பொருளைத் தெரிந்துகொள்வதில் அது வருகிறது.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. காலாண்டு வரி ஆண்டுக்கு நான்கு முறை உங்கள் வாசலுக்கு வருகிறது. அடுத்த முறை வரும்போது யாரிடமும் கொடுக்காதீர்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் கைப்பேசியில், உங்கள் வண்டி எண்ணை நீங்களே தட்டி, தொகையை நீங்களே சரிபார்த்துக் கட்டுங்கள். ரசீதை உங்கள் பெயரிலேயே சேமித்து வையுங்கள். அதற்கடுத்த எஃப்.சி.க்கு விண்ணப்பத்தையும் நீங்களே நிரப்புங்கள். நேராக அலுவலகத்துக்குள் போங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள்.